பிள்ளைகள் சீக்கிரம் வயசுக்கு வருவதில் வேதிப்பொருள்களின் பங்கு எவ்வளவு?

எட்டு ஒன்பது வயதில் ஒரு பெண்பிள்ளை பெரியவளாகிவிட்டாள் என்று கேள்விப்பட்டால், அடுத்த பேச்சு அநேகமாக பிராய்லர் கோழியில்தான் போய் நிற்கும். சில வருடங்களாக அந்தப் பட்டியலில் பிளாஸ்டிக் டப்பா, ஷாம்பு, சென்ட், பாக்கெட் பால் எல்லாம் சேர்ந்துவிட்டன. இவற்றில் சிலவற்றுக்கு ஆய்வுச் சான்று உண்டு, சிலவற்றுக்கு அறவே கிடையாது. சான்று உள்ளவற்றிலும் "எவ்வளவு முந்துகிறது?" என்று கேட்டால் விடை மாதக் கணக்கில்தான் வருகிறது. அந்த மாதக் கணக்கு எங்கிருந்து வந்தது, அது சிறிதென்றால் மருத்துவமனைகளில் கூட்டம் ஏன் கூடுகிறது என்பவைதான் இங்கே பார்க்க வேண்டியவை.

## பூப்பு என்பது எந்த நாள்?

நம் வழக்கில் முதல் மாதவிடாய் வந்த நாள்தான் கணக்கு. தண்ணீர் ஊற்றுவதும் சடங்கு வைப்பதும் அதை வைத்தே. மருத்துவக் கணக்கில் அது ஏறக்குறைய கடைசிக் கட்டம். பெண்பிள்ளைகளுக்கு வரிசை இப்படிப் போகும்:

1. முலைக்காம்புக்கு அடியில் சிறு கட்டி போன்ற மார்பு மொட்டு. ஒரு பக்கம் மட்டும் முதலில் வரலாம், தொட்டால் வலிக்கலாம்.
2. அந்தரங்க முடி, அக்குள் முடி, பெரியவர்களுக்கு வருவது போன்ற வியர்வை வாடை. இது பெரும்பாலும் அட்ரினல் சுரப்பியின் வேலை. மார்பு மொட்டோடு சேர்ந்தும் வரும், தனியாக முந்தியும் வரும்.
3. உயரம் வேகமாக ஏறும் காலம்.
4. மொட்டு தோன்றி சுமார் 2 முதல் 2½ வருடம் கழித்து முதல் மாதவிடாய்.

பையன்களுக்கு முதல் அடையாளம் விதையின் பருமன் 4 மில்லிலிட்டரை எட்டுவது. முட்டை வடிவ மணிகளை அளவு வாரியாகக் கோத்த ஒரு மாலையை வைத்து மருத்துவர் ஒப்பிட்டுப் பார்ப்பார். வீட்டில் யாரும் இதைக் கவனிக்கப் போவதில்லை. பையன்களைப் பற்றிய தரவு குறைவாக இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

பெண்பிள்ளைக்கு 8 வயதுக்கு முன்பும் பையனுக்கு 9 வயதுக்கு முன்பும் இந்த முதல் அடையாளம் தெரிந்தால் அது "முன்கூட்டிய பூப்பு".

இந்த வரிசையை ஓட்டும் கடிகாரம் மூளையின் அடியில், ஹைப்போதாலமஸ் என்ற பகுதியில் இருக்கிறது. அங்குள்ள ஓராயிரம் இரண்டாயிரம் நரம்பணுக்கள் ஜிஎன்ஆர்ஹெச் என்ற ஹார்மோனைத் துடிப்புத் துடிப்பாக விடும். அதைக் கேட்டு பிட்யூட்டரி சுரப்பி எல்ஹெச், எஃப்எஸ்ஹெச் என்ற இரண்டை விடும். அவை சூலகத்தையோ விதையையோ எழுப்பும். பிறந்த சில மாதங்களில் இந்தக் கடிகாரம் ஒருமுறை ஓடிவிட்டு, பிறகு பல வருடம் பூட்டிக்கிடக்கும். பூட்டைத் திறக்கும் சாவிகளில் முக்கியமானது கிஸ்பெப்டின். அதன் ஏற்பி, அதாவது அது வந்து பொருந்தும் பூட்டுத் துளை, பழுதானவர்களுக்குப் பூப்பே வருவதில்லை என்பது 2003இல் தெரியவந்தது.

கடிகாரம் தானே ஓடத் தொடங்குவது ஒரு வகை. கடிகாரம் நிற்கும்போதே யாரோ முள்ளைக் கையால் நகர்த்துவது இன்னொரு வகை. வெளியிலிருந்து ஈஸ்ட்ரோஜன் போன்ற பொருள் உடலுக்குள் போனால், மூளைக்குத் தெரியாமலே மார்பு வளரும். வேதிப்பொருள் பற்றிய எந்தச் செய்தியைப் படித்தாலும், அது இந்த இரண்டில் எதைச் சொல்கிறது என்று பார்த்துக்கொள்வது நல்லது. பெரும்பாலான குழப்பம் இங்கேதான் தொடங்குகிறது.

## கோபன்ஹேகன் காட்டிய இடைவெளி

டென்மார்க் தலைநகரில் 1991இலும் 2006இலும் சிறுமிகளை ஒரே முறையில் பரிசோதித்தார்கள். மார்பு மொட்டு தோன்றும் சராசரி வயது 10.88இலிருந்து 9.86ஆக இறங்கியிருந்தது. பதினைந்தே வருடத்தில் ஒரு முழு வருடம். முதல் மாதவிடாயோ 13.42இலிருந்து 13.13 வயதுக்குத்தான் வந்திருந்தது, மூன்றரை மாத வித்தியாசம். பல நாடுகளின் 30 ஆய்வுகளைத் தொகுத்து 2020இல் வந்த கணக்கும் இதற்கு ஒத்துப்போகிறது: 1977 முதல் 2013 வரை பத்து வருடத்துக்கு ஏறத்தாழ 3 மாதம் வீதம் மார்பு வளர்ச்சி முந்தியிருக்கிறது.

கடிகாரம் முன்கூட்டி ஓடியிருந்தால் மாதவிடாயும் அதே அளவு முந்தியிருக்க வேண்டும். 2006இல் பரிசோதித்த 8 முதல் 10 வயதுச் சிறுமிகளின் ரத்தத்தில் ஈஸ்ட்ரோஜனும் கூடியிருக்கவில்லை. மார்பு முந்துகிறது, மூளையின் ஹார்மோன்கள் முந்தவில்லை என்றால், முள்ளை ஏதோ ஒன்று நகர்த்துகிறது என்ற சந்தேகம் இயல்பாகவே எழும். வேதிப்பொருள்கள் மீதான சந்தேகத்துக்கு இந்த இடைவெளிதான் மிகப் பலமான காரணம். பிளாஸ்டிக் பெருகிய காலமும் பூப்பு முந்திய காலமும் ஒன்று என்ற வாதத்தைவிட இது எவ்வளவோ மேல். பிளாஸ்டிக் இல்லாத காலத்திலும் பூப்பு முந்தியிருக்கிறதே: வட ஐரோப்பாவில் 19ஆம் நூற்றாண்டின் நடுவில் 16, 17 வயதில் வந்த மாதவிடாய், 20ஆம் நூற்றாண்டின் நடுவில் 13 வயதுக்கு வந்துவிட்டது. அதற்குக் காரணம் சாப்பாடும் நோய்கள் குறைந்ததும்.

சரி, பத்து வருடத்துக்கு மூன்று மாதம் பெரிய விஷயமா? ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். மொட்டு தோன்றும் சராசரி 10 வயது, திட்ட விலகல் (சராசரியிலிருந்து வயதுகள் சிதறிக்கிடக்கும் அளவு) 1 வருடம் என்று வைத்துக்கொள்வோம். 1,000 சிறுமிகளில் 8 வயதுக்கு முன் மொட்டு தோன்றுபவர்கள் சுமார் 23 பேர். சராசரி மூன்றே மாதம் இறங்கி 9¾ ஆனால் அந்த 23 பேர் 40 ஆகிவிடுவார்கள். தனிப் பிள்ளைக்குக் கண்ணில் படாத மாற்றம், மருத்துவமனை வாசலில் கிட்டத்தட்ட இரு மடங்குக் கூட்டம்.

## எடையும் பரம்பரையும்

பூப்பின் வயதில் காணும் வேறுபாட்டில் பாதிக்கு மேல் பரம்பரை. 2013இல் கண்டுபிடித்த எம்கேஆர்என்3 மரபணுக் குறைபாடு தந்தை வழியாக வந்தால் மட்டுமே பிள்ளையின் பூப்பை முன்தள்ளும். அம்மாவிடம் மட்டும் "உனக்கு எத்தனை வயசில் வந்தது" என்று கேட்டுவிட்டுப் பரம்பரையை ஒதுக்கிவிட முடியாது.

அடுத்தது எடை. கொழுப்பணுக்கள் லெப்டின் என்ற ஹார்மோனை விடுகின்றன, ஆண் ஹார்மோனை ஈஸ்ட்ரோஜனாகவும் மாற்றுகின்றன. அமெரிக்காவில் 71,000க்கும் மேற்பட்ட பெண்களிடம் நடத்திய ஆய்வு 2024இல் வெளியானது. முதல் மாதவிடாயின் சராசரி வயது, 1950-69இல் பிறந்தவர்களுக்கு 12.5, 2000-05இல் பிறந்தவர்களுக்கு 11.9. இந்த இறக்கத்தில் பாதிக்குச் சற்றுக் குறைவானதை உடல் எடையே விளக்கிவிடுகிறது. மிச்சமிருப்பதில்தான் வேதிப்பொருள், மன அழுத்தம், தூக்கம் எல்லாம் பங்கு கேட்கின்றன.

## எந்தப் பொருள், எந்த வழி?

உடலின் ஹார்மோன் வேலையில் குறுக்கிடும் வேதிப்பொருள்களை ஹார்மோன் குலைப்பான்கள் என்று ஒரே பெயரில் அழைத்தாலும் இவை ஒரே மாதிரி நடந்துகொள்வதில்லை. உடலில் எவ்வளவு நாள் தங்கும் என்பதை வைத்துப் பிரிப்பது வசதி.

வருடக் கணக்கில் தங்குபவை. டிடிடி பூச்சிக்கொல்லி சிதைந்து உண்டாகும் டிடிஇ, பழைய மின்கருவிகளில் இருந்த பிசிபி, எரிப்பதில் உண்டாகும் டையாக்சின், புரோமின் கலந்த தீத்தடுப்பான்கள். கொழுப்பில் படிந்து, தாயின் ரத்தம் வழியாகவும் பால் வழியாகவும் பிள்ளைக்குப் போகும்.

மணிக்கணக்கில் வெளியேறுபவை. பிவிசி பிளாஸ்டிக்கை வளையச் செய்யும் தாலேட்டுகள், வாசனையை நிலைக்க வைக்கும் டைஎத்தில் தாலேட், கெடாமல் காக்கும் பாரபென்கள், கிருமிநாசினி டிரைக்ளோசான், பாலிகார்பனேட்டிலும் டின் உட்பூச்சிலும் உள்ள பிஸ்பீனால் ஏ. இன்று போனது நாளைக்குள் சிறுநீரில் வெளியேறிவிடும். ஆனால் நாளை மறுபடி போகும்.

முதல் வகைக்குத் தெளிவான சான்று ஒரு விபத்திலிருந்து கிடைத்தது. 1973இல் அமெரிக்காவின் மிச்சிகனில் ஒரு தொழிற்சாலை மாட்டுத் தீவனத்தில் சேர்க்கும் மெக்னீசியம் ஆக்சைடையும் பிபிபி என்ற தீத்தடுப்பானையும் தயாரித்துக்கொண்டிருந்தது. ஒன்றின் பெயர் நியூட்ரிமாஸ்டர், மற்றது ஃபயர்மாஸ்டர். மூட்டைகள் மாறிப்போய், தீத்தடுப்பான் தீவனத்தில் கலந்து, பாலிலும் இறைச்சியிலும் ஏறி மக்கள் வயிற்றுக்குள் போனது. அந்தத் தாய்மார்களின் மகள்களைப் பின்னாளில் ஆராய்ந்தபோது, கருவில் அதிக பிபிபி பெற்றுத் தாய்ப்பாலும் குடித்தவர்களுக்கு மாதவிடாய் சராசரி 11.6 வயதில் வந்திருந்தது. கருவில் குறைவாகப் பெற்றுத் தாய்ப்பால் குடித்தவர்களுக்கு 12.2 முதல் 12.6. ஏறக்குறைய ஒரு வருடம், அதுவும் தீவன மூட்டையே மாறிப்போன அளவுக்கான நஞ்சுக்கு. இந்த எண்ணை நினைவில் வைத்துக்கொண்டால் மற்றச் செய்திகளை எடை போடுவது எளிது.

இரண்டாம் வகைக்கு நல்ல சான்று கலிபோர்னியாவின் சலினாஸ் பள்ளத்தாக்கில் கிடைத்தது. அங்குள்ள விவசாயத் தொழிலாளர் குடும்பங்களைக் கர்ப்ப காலத்திலிருந்தே பின்தொடர்ந்து, 9 வயது முதல் 13 வயது வரை ஒன்பது மாதத்துக்கு ஒருமுறை 338 பிள்ளைகளைப் பரிசோதித்தார்கள். தாயின் சிறுநீரில் டைஎத்தில் தாலேட்டின் எச்சம் இரு மடங்காகும்போதெல்லாம் மகளுக்கு அந்தரங்க முடி சுமார் 1.3 மாதம் முந்தியது. டிரைக்ளோசான் இரு மடங்கானால் மாதவிடாய் ஒரு மாதத்துக்குச் சற்றுக் குறைவாக முந்தியது. "இரு மடங்கு" என்பதைக் கவனிக்க வேண்டும். எட்டு மடங்கு என்றால் மூன்று இரட்டிப்பு, அதாவது சுமார் 4 மாதம். ஆறு வயதில் மார்பு வளரத் தொடங்கிய பிள்ளையின் கதையை ஷாம்பு ஒன்றால் விளக்கிவிட முடியாது.

2024 செப்டம்பரில் அமெரிக்க அரசின் சுற்றுச்சூழல் நல ஆய்வு நிறுவனம் வெளியிட்ட முடிவு கடிகாரத்தையே தொடுகிறது. சுமார் 10,000 பொருள்களை மனித அணுக்களில் சோதித்ததில், மஸ்க் ஆம்ப்ரெட் என்ற செயற்கை வாசனைப் பொருள் கிஸ்பெப்டின் ஏற்பியைத் தூண்டியது. வரிக்குதிரை மீன் குஞ்சுகளில் ஜிஎன்ஆர்ஹெச் நரம்பணுப் பகுதியையும் பெரிதாக்கியது. பிள்ளைகளிடம் இது சோதிக்கப்படவில்லை. கஸ்தூரி வெண்டை விதையிலிருந்து எடுக்கும் ஆம்ப்ரெட் எண்ணெய் வேறு, இது வேறு. வாசனை ஒற்றுமையால் பெயர் ஒட்டிக்கொண்டது, அவ்வளவுதான்.

பிஸ்பீனால் ஏ பற்றித்தான் பேச்சு அதிகம். பூப்பைப் பொறுத்தவரை மனித ஆய்வுகள் ஒன்றுக்கொன்று முரணாகவே இருக்கின்றன. 2023இல் ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் அதன் தினசரி வரம்பை 20,000 மடங்கு குறைத்து, கிலோ எடைக்கு 0.2 நானோகிராம் என்று வைத்தது நோய் எதிர்ப்பு மண்டலத்தின் மீதான விளைவை வைத்துத்தான்.

## பின்தள்ளும் பொருள்களும் உண்டு

எல்லா நஞ்சும் பூப்பை முந்தவைக்கும் என்பது பரவலான தவறான எண்ணம். ரத்தத்தில் ஈயம் கூடினால் பூப்பு தாமதமாகிறது என்று அமெரிக்கச் சிறுமிகளிடமும், டையாக்சின் பையன்களின் பூப்பைத் தாமதப்படுத்துகிறது என்று ரஷ்யாவின் சப்பாயெவ்ஸ்கிலும் கண்டிருக்கிறார்கள்.

நமக்குப் பக்கத்திலேயே ஒன்று இருக்கிறது. கேரளத்தின் காசர்கோட்டில் முந்திரித் தோட்டங்களுக்கு மேலே 20 வருடத்துக்கும் மேலாக எண்டோசல்பான் என்ற பூச்சிக்கொல்லி வானிலிருந்து தெளிக்கப்பட்டது. அகமதாபாத்தின் தேசியத் தொழில்சார் நல நிறுவனம் அங்கே 10 முதல் 19 வயது வரையான 117 பையன்களையும், தெளிப்பு இல்லாத ஊரின் 90 பையன்களையும் ஒப்பிட்டு 2003இல் முடிவை வெளியிட்டது. வயதுக்கு ஏற்ற பருவ வளர்ச்சி பின்தங்கியிருந்தது. அதைவிடக் கவனிக்க வேண்டியது ரத்த முடிவு: டெஸ்டோஸ்டிரோன் குறைவு, எல்ஹெச் அதிகம். மூளை தூங்கியிருந்தால் இரண்டுமே குறைந்திருக்கும். இங்கே மூளை உரக்கக் கூப்பிடுகிறது, விதைதான் பதில் சொல்லவில்லை. ஆய்வு சிறியதுதான். ஆனால் பழுது எந்த இடத்தில் என்பதை அந்த இரண்டு எண்களே சொல்லிவிடுகின்றன. எண்டோசல்பானை உச்ச நீதிமன்றம் 2011இல் தடை செய்தது.

## நிரூபிப்பது ஏன் இவ்வளவு சிரமம்?

1. ஒரு நாள் சிறுநீர். பிஸ்பீனால் ஏ சுமார் 6 மணி நேரத்தில் பாதியாகிவிடும். காலையில் எடுத்த ஒரு குப்பிச் சிறுநீர் நேற்று இரவுச் சாப்பாட்டைச் சொல்லுமே தவிர, கடந்த ஐந்து வருடத்தை அல்ல.
2. ஆய்வகத்திலேயே கலப்படம். போர்ட்டோ ரிகோவில் மார்பு முந்திய சிறுமிகளின் ரத்தத்தில் தாலேட் மிக அதிகம் என்று 2000இல் வந்த முடிவு உலகெங்கும் பேசப்பட்டது. பிறகு எழுந்த கேள்வி: ரத்தம் எடுத்த குழாயிலும் பையிலும் தாலேட் இருந்தால்?
3. தலைகீழ்க் காரணம். வளரத் தொடங்கிய பெண்பிள்ளை சென்ட், லோஷன் போடத் தொடங்குவாள். அப்போது பாரபென் கூடியிருப்பது பூப்பின் விளைவாகவும் இருக்கலாம். சலினாஸ் ஆய்வில் 9 வயதில் அளந்த பாரபென்னுக்கு இந்தச் சிக்கல் உண்டு. கர்ப்பத்தில் அளந்ததற்கு இல்லை.
4. ஒரே குடும்பம், எதிர்த் திசை. சில பெரிய மூலக்கூறு தாலேட்டுகள் அந்தரங்க முடி வளர்ச்சியைத் தாமதப்படுத்துவதோடு தொடர்பு காட்டியிருக்கின்றன. "தாலேட்" என்று மொத்தமாகப் பேசும் செய்தியை நம்ப வேண்டியதில்லை.

இந்தியாவிலிருந்து ஸ்வீடனுக்குத் தத்துப்போன சிறுமிகளின் கதையில் இந்தச் சிக்கல் முழுவதும் இருக்கிறது. 1991இல் வெளியான ஆய்வில் 107 பேரின் மாதவிடாய் இடைநிலை வயது 11.6, மிகக் குறைந்தது 7.3. பசியில் வளர்ந்த குழந்தைக்குத் திடீரென்று நல்ல சாப்பாடு கிடைத்ததால் உடல் அவசரப்பட்டது என்பது ஒரு விளக்கம். பத்து வருடம் கழித்து பெல்ஜியத்தில், வெளிநாடுகளிலிருந்து வந்து பூப்பு முந்திய 26 சிறுமிகளில் 21 பேரின் ரத்தத்தில் டிடிஇ இருந்தது. உள்நாட்டுச் சிறுமிகளில் 15 பேரில் இருவருக்கே இருந்தது. டிடிடி தெளித்த நாட்டிலிருந்து வந்தவர்கள் என்பதும் பசியிலிருந்து வந்தவர்கள் என்பதும் ஒரே பிள்ளைகளுக்குப் பொருந்துவதால், இரண்டையும் பிரித்தெடுக்க இன்றுவரை முடியவில்லை.

## பிராய்லர் கோழி, பால்

கோழிக்கு ஹார்மோன் ஊசி போட்டு வளர்க்கிறார்கள், அதைத் தின்றுதான் பிள்ளைகள் சீக்கிரம் பெரியவர்களாகிறார்கள் என்பது பேச்சு. 1959 வரை அமெரிக்காவில் டிஇஎஸ் என்ற செயற்கை ஈஸ்ட்ரோஜனைக் கோழியின் தோலுக்கடியில் வில்லையாக வைத்ததுண்டு. அந்த வருடம் அது தடைசெய்யப்பட்டது. இன்றைய கோழி ஆறு வாரத்தில் 2 கிலோவைத் தாண்டுவது இனத் தேர்வாலும் தீவனத்தாலும். கனடாவில் 1957, 1978, 2005ஆம் வருட இனங்களுக்கு ஒரே தீவனம் கொடுத்து வளர்த்துப் பார்த்தார்கள். 56ஆம் நாள் எடை: 905 கிராம், 1,808 கிராம், 4,202 கிராம். வளர்ச்சி ஹார்மோன் ஒரு புரதம், தீவனத்தில் கலந்தால் செரித்துப் போகும். பல்லடம் பக்கத்துப் பண்ணையில் ஆயிரக்கணக்கான கோழிகளை ஒவ்வொன்றாகப் பிடித்துத் தினமும் ஊசி போட்டால் கூலிக்கே கட்டாது. கோழிக்கு ஆன்டிபயாட்டிக் கொடுப்பது உண்மையான பிரச்சினை. அது பூப்புப் பிரச்சினை அல்ல. மாட்டுக்குப் போடும் ஆக்ஸிடோசினும் சிறிய புரதத் துண்டுதான், வயிற்றில் உடைந்துவிடும். தினமும் பொரித்த கோழி தின்று எடை ஏறினால், அந்த எடை வழியாகப் பூப்பு முந்தலாம்.

## வீட்டில் எதை மாற்றலாம்?

சலினாஸிலேயே 100 பதின்பருவப் பெண்களுக்கு, தாலேட், பாரபென், டிரைக்ளோசான் இல்லை என்று லேபிளில் போட்ட சோப்பு, ஷாம்பு, லோஷன் மட்டும் கொடுத்துப் பார்த்தார்கள். மூன்றே நாளில் சிறுநீரில் டைஎத்தில் தாலேட் எச்சம் 27%, மெத்தில் பாரபென் 44%, டிரைக்ளோசான் 36% குறைந்தன. வேடிக்கையாக, எத்தில், பியூட்டில் பாரபென்கள் சற்றுக் கூடின. லேபிளை ஓரளவுக்குத்தான் நம்பலாம்.

- லேபிளில் "ஃபிராக்ரன்ஸ்" அல்லது "பர்ஃப்யூம்" என்ற ஒற்றைச் சொல்லுக்குள் தாலேட் ஒளிந்திருக்கலாம். கர்ப்பிணிக்கும் சிறு பிள்ளைக்கும் வாசனை இல்லாத சோப்பும் எண்ணெயும் போதும்.
- சூடும் எண்ணெயும் சேரும்போது பிளாஸ்டிக்கிலிருந்து பொருள் கசிவது கூடும். பாலிகார்பனேட் பாட்டிலில் கொதிநீர் ஊற்றினால் பிஸ்பீனால் ஏ 15 முதல் 55 மடங்கு வேகமாக வெளியேறுவதை 2008இல் அளந்தார்கள். சூடான சாம்பார், குழம்பு வாங்கத் தூக்குவாளி எடுத்துப் போகலாம்.
- 20 லிட்டர் வாட்டர் கேனைத் திருப்பி அடியில் முக்கோணத்துக்குள் உள்ள எண்ணைப் பாருங்கள். 7 என்றால் பெரும்பாலும் பாலிகார்பனேட், 1 என்றால் பெட் என்ற வேறு வகைப் பிளாஸ்டிக். வெயிலில் நின்ற கேனை வாங்காமல், வந்ததும் எவர்சில்வர் குடத்துக்கு மாற்றலாம். "பிபிஏ ஃப்ரீ" என்பதில் அதன் உறவான பிஸ்பீனால் எஸ் இருக்கலாம்.
- அப்பா டெஸ்டோஸ்டிரோன் ஜெல், பாட்டி ஈஸ்ட்ரோஜன் கிரீம் பூசுகிறார்களா? பூசிய தோல் பிள்ளையின் மேல் பட்டாலே போதும். ஜெல் பட்ட பிள்ளைகளுக்கு அந்தரங்க முடியும் பிறப்புறுப்பு வளர்ச்சியும் வந்ததால் அமெரிக்க மருந்து ஆணையம் 2009இல் கடும் எச்சரிக்கை போட வைத்தது. முள்ளைக் கையால் நகர்த்துவதற்கு இதைவிட நேரடியான உதாரணம் இல்லை.

## எப்போது மருத்துவரிடம்?

பெண்பிள்ளைக்கு 8க்கு முன் மார்பு மொட்டு, பையனுக்கு 9க்கு முன் எந்த அடையாளமும், எந்த வயதிலும் மாதக் கணக்கில் வேகமாகக் கூடும் வளர்ச்சி, தலைவலியோடு பார்வை மங்கல்: இவற்றுக்குக் குழந்தைகள் ஹார்மோன் மருத்துவரைப் பார்க்க வேண்டும். குண்டான பிள்ளைக்கு மார்பில் கொழுப்பு மட்டுமே இருக்கலாம், கையால் அழுத்திப் பார்த்தால்தான் தெரியும்.

இடது கை மணிக்கட்டு எக்ஸ்ரேயில் எலும்பு வயது, அதாவது எலும்பு எந்த வயதுப் பிள்ளைக்குரிய அளவுக்கு முதிர்ந்திருக்கிறது என்று, பார்ப்பார்கள். ரத்தத்தில் எல்ஹெச் லிட்டருக்கு 0.3 அலகுக்கு மேல் இருந்தால் கடிகாரமே ஓடத் தொடங்கிவிட்டது என்ற சந்தேகம் வலுக்கும். பெண்பிள்ளைகளில் பெரும்பாலோருக்குத் தனிக் காரணம் எதுவும் அகப்படாது. பையன்களுக்கு மூளையில் கட்டி போன்ற காரணம் இருக்கும் வாய்ப்பு கூடுதல், அதனால் எம்ஆர்ஐ தவறாது. மருந்து தேவைப்பட்டால் கடிகாரத்தை நிறுத்திவைக்கும் லூப்ரோலைட் ஊசி, மாதம் ஒன்று அல்லது மூன்று மாதத்துக்கு ஒன்று. நிறுத்திய பின் பெரும்பாலும் ஒன்று ஒன்றரை வருடத்தில் மாதவிடாய் வந்துவிடும்.

முதல் முறை போகும்போது பள்ளியில் அளந்த பழைய உயரக் குறிப்புகளை எடுத்துப் போங்கள். பூப்புக்கு முன் பிள்ளை வருடத்துக்கு 5, 6 சென்டிமீட்டர்தான் வளரும், அதைத் தாண்டியது எப்போது என்பது அந்தக் குறிப்பில் இருக்கும். வீட்டில் யார் பூசும் ஜெல், கிரீம், நாட்டு மருந்து, முடி எண்ணெய் ஆனாலும் டப்பாவோடு ஒரு பையில் போட்டுக்கொண்டு போங்கள்.